அறை நிரம்பினால் ஊர் மீண்டதா?

எத்தனை முறை விழுந்தாலும் புதுச்சேரி எழுந்துவிடும் என்று சுற்றுலாத் தொழிலில் உள்ள நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். 2004இல் சுனாமி வந்தது, எழுந்தோம். 2011இல் தானே புயல் வந்தது, எழுந்தோம். 2020இல் கொரோனா, 2024இல் ஃபெஞ்சல் புயல், அப்போதும் எழுந்தோம் என்று போகிறது அவருடைய பட்டியல். எழுந்ததற்கு என்ன அத்தாட்சி? விடுதி அறைகள் நிரம்பிவிட்டன. ஃபெஞ்சல் கரையைக் கடந்தது நவம்பர் 30ஆம் தேதி இரவு. அடுத்த நான்கு வாரங்களில் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தால் கடற்கரைச் சாலையில் கால் வைக்க இடமில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறார். ஆகவே பேரிடருக்குப் பின் அரசு செய்ய வேண்டிய முதல் வேலை பயணிகளைத் திரும்ப அழைப்பதுதானாம். அவர்கள் வந்தால் காசு வரும், வந்த காசு மீனவர் வரைக்கும் போய்ச் சேருமாம். இடையில் சாலையை மறித்து, இடிந்த வீட்டைப் படம் எடுத்துப் போட்டு, ஊரின் பெயரைக் கெடுப்பவர்கள்தான் மீட்சிக்குத் தடையாம். இதுதான் அவர் வாதம். சுருக்கியிருக்கிறேனே தவிர, திரிக்கவில்லை.

அறை நிரம்பியது உண்மை. அறை நிரம்பிவிட்டதால் ஊர் மீண்டுவிட்டது என்பதுதான் பொய். அந்தப் பொய்யைக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. நான் எழுதுவது கனகசெட்டிக்குளத்திலிருந்து.

கனகசெட்டிக்குளம் எங்கே என்று நண்பருக்குத் தெரியாமல் இருக்காது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் அவருடைய வாடிக்கையாளர்கள் மரக்காணம் தாண்டிப் புதுச்சேரி மண்ணில் முதலில் கால் வைப்பது எங்கள் ஊரில்தான். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லைக்கோடுகளின் புண்ணியத்தில், கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் நடுவில் தமிழ்நாடாகக் கிடக்க, நகரத்துக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வடக்கே நாங்கள் புதுச்சேரியாக இருக்கிறோம். வண்டிகள் இங்கே வேகம் குறையும். மதுக்கடையைப் பார்த்து நிறுத்துவார்கள், வாங்குவார்கள், கிளம்பிவிடுவார்கள். சாலைக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் ஃபைபர் படகும் கட்டுமரமும் வலை காயும் மணலும் இருப்பதைப் பார்க்க யாரும் இறங்குவதில்லை. புதுச்சேரிச் சுற்றுலாவுக்கு நாங்கள் வாசல்படி. வாசல்படியில் செருப்பைக் கழற்றுவார்கள், உட்கார மாட்டார்கள்.

நண்பரின் பட்டியலை முதலிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஏறத்தாழ 600 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் காரைக்கால் கரைக்காரர்கள். மற்றவர்களில் அநேகர் புதுச்சேரியின் குப்பங்களைச் சேர்ந்தவர்கள். கடற்கரைச் சாலையில் என்ன நடந்தது? பிரெஞ்சுக்காரர் காலத்துக் கற்சுவரும், பின்னாளில் அதன் முன்னால் கொட்டிக்கொண்டே வந்த பாறைகளும் அலையைத் தாங்கிக்கொண்டன. காந்தி சிலைக்குப் பின்னால் இருந்த தெருக்கள் பெரும்பாலும் தப்பின. நகரம் தப்பியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நண்பர் “எழுந்தோம்” என்கிறாரே, விழாதவர் எப்படி எழுந்தார்? விடுதிகள் இருந்த இடம் விழவில்லை. விழுந்த இடத்தில் விடுதிகள் இல்லை. அடுத்த ஆண்டு பயணிகள் திரும்பி வந்தது விழாத இடத்துக்கு. அந்தக் கணக்கைக் கொண்டுவந்து, வலையும் வீடும் பிள்ளையும் போனவர்களின் பெயரில் வரவு வைக்கிறார்.

தானே வேறு மாதிரி. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே அது கரையேறியபோது நகரமும் உண்மையாகவே அடி வாங்கியது. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் பழைய மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. புத்தாண்டு வியாபாரம் போயிற்று. விடுதிக்காரரின் நட்டம் நிஜம்தான். ஆனால் அவர் இழந்தது ஒரு சீசன். அடுத்த சீசனில் அதே கட்டடம், அதே அறை, வாடகை கொஞ்சம் கூடுதல். படகும் வலையும் உடைந்தவர் இழந்தது முதலையே. நிவாரணத்துக்குக் காத்திருக்காமல் வட்டிக்கு வாங்கிப் படகைச் சரிசெய்தவர், அடுத்த சீசனில் கடனோடு கடலில் இறங்கினார். இரண்டையும் ஒரே சொல்லால், ஒரே வாக்கியத்தில், “மீட்சி” என்று எழுதிவிட்டுப் போக ஒரு துணிச்சல் வேண்டும்.

பட்டியலில் இருப்பதைவிட இல்லாததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாண்டஸ் எங்கே? 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த புயல் அது. நகரத்தில் மழையும் காற்றும் வந்தன, போயின. அறைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் நண்பருக்கு அது பேரிடராகவே தெரியவில்லை போலும். எங்களுக்குத் தெற்கே, காலாப்பட்டையும் தாண்டினால் வரும் பிள்ளைச்சாவடியில் அந்தப் புயலின் அலைகளில் வீடுகள் கடலுக்குள் சரிந்தன. புயலின் கண் எங்கோ இருந்தது, இடிந்தது இங்கே. ஏன்?

இந்த “ஏன்” என்ற கேள்வியைத்தான் நண்பரின் கட்டுரை முழுக்கத் தேடினேன். பேரிடர் என்றால் அவருக்கு வானத்திலிருந்து விழுவது. வரும், போகும், நாம் எழுவோம். ஆனால் பிள்ளைச்சாவடியை அடித்த பேரிடர் 1980களின் பிற்பகுதியில், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், அரசாங்கச் செலவில் கட்டப்பட்டது. அங்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள்தான் அது.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுவதும் அலை சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கொஞ்சம் தெற்கே திருப்புகிறது. கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் பயணம் போகிறது. தெற்கிலிருந்து வருவதும் வடக்கே போவதும் சமமாக இருக்கும்வரை கரை நிற்கும். குறுக்கே ஒரு சுவரை நீட்டினால் வருகிற மணல் சுவருக்குத் தெற்கே குவியும். வடக்கே வருவது நிற்கும். போவது மட்டும் நிற்காது. புதுச்சேரி கடற்கரையில் இருந்த மணல் அப்படித்தான் போயிற்று. ஐம்பது வயதைத் தாண்டிய எந்த நகரவாசியையும் கேளுங்கள், தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணலில் விளையாடிய கதையைச் சொல்வார். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அங்கே தெரிந்தது கருங்கல் மட்டும்.

இப்படி ஆகும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியாததும் இல்லை. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அந்த வேலை ஒழுங்காக நடக்கவில்லை. சுவர் கட்டுவதற்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மணல் அள்ளிக் கொட்டுவதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? நகரத்தைக் காப்பாற்ற அங்கே கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்று, அதற்கு அடுத்த ஊரில் தொடங்கியது. வைத்திக்குப்பம், சோலை நகர் என்று நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஏறி, மறுபடி புதுச்சேரிக்குள் பிள்ளைச்சாவடிக்கு வந்தது. ஒவ்வொரு ஊரிலும் இதே கதைதான். வீடு இடியும், மக்கள் மறியல் செய்வார்கள், அதிகாரிகள் வருவார்கள், கல்லோ, கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவோ வரும். அந்த ஊர் கொஞ்சம் மூச்சுவிடும். அதற்கு வடக்கே இருப்பவர்களின் முறை வரும். பிள்ளைச்சாவடிக்கு வடக்கே சின்னக் காலாப்பட்டு, பெரிய காலாப்பட்டு, கணபதிசெட்டிக்குளம், பிறகு நாங்கள். கடலுக்கு எல்லைக்கோடு தெரியாது. ஆனால் யார் கல்லுக்குக் காசு கொடுப்பது என்ற பேச்சு வந்தால் இரண்டு அரசுகளுக்கும் அந்தக் கோடு மிகத் துல்லியமாகத் தெரியும்.

ஆக, நண்பர் கொண்டாடும் கடற்கரைச் சாலை ஒவ்வொரு முறையும் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அந்த நகரத்தின் ஆன்ம பலம் இல்லை. கல். அந்தக் கல்லுக்கும் துறைமுகச் சுவருக்கும் உரிய விலையை வடக்கே உள்ள குப்பங்கள் வீடு வீடாகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்.

பிறகு மணல் திரும்பி வந்த கதையும் உண்டு. நண்பர் அதையும் மீட்சியின் அடையாளமாக எழுதியிருக்கிறார். தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகம் எதிரே கடலுக்கடியில் ஏறத்தாழ 900 டன் எடையுள்ள எஃகு அமைப்பு ஒன்றைச் செயற்கைத் திட்டாக இறக்கியது. 2018, 2019 வாக்கில் நகரத்துக்கு முன்னால் மணல் சேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மணலைப் பார்த்த மக்கள் குழந்தைகளோடு இறங்கினார்கள். நல்ல தொழில்நுட்பம், நல்ல வேலை. குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கடல் அரிப்பு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நீண்டு கிடக்கும்போது, அறிவியலும் பணமும் முதலில் போய் நின்ற இடம் எது என்று பாருங்கள். வீடு இடிகிற இடத்திலா? படம் எடுத்துக்கொள்கிற இடத்திலா?

மேரி கட்டடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கடற்கரைச் சாலையில் இருந்த அந்த 19ஆம் நூற்றாண்டு நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதைப் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரி 25ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்தார். பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? உலக வங்கி உதவியுடன் நடந்த கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்திலிருந்து. அந்தத் திட்டத்தில் வேறு வேலைகளும் நடந்தன, மறுக்கவில்லை. மேரி கட்டடம் அழகானது, இருக்க வேண்டியதுதான். ஆனால் பராமரிக்காமல் விட்டதால் இடிந்த ஓர் அலுவலகக் கட்டடத்தை, கடலோரப் பேரிடரிலிருந்து மக்களைக் காக்கும் கணக்கில் கட்ட முடிகிற ஊரில், பயணிகளைக் கவர்வதற்கு முன்னுரிமை போதவில்லை என்று ஒருவர் புலம்பினால் சிரிப்பதா அழுவதா?

முன்னுரிமைக்கு இன்னோர் உதாரணம். மாண்டஸில் பிள்ளைச்சாவடி வீடுகள் சரிந்தது 2022 டிசம்பர். அடுத்த ஜனவரி 30, 31 தேதிகளில் ஜி20 அறிவியல் கூட்டம் புதுச்சேரியில் நடந்தது. விருந்தினருக்காக நகரம் மெருகேற்றப்பட்டது. கூட்டம் அறிவியலைப் பற்றியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விருந்தினர்களை வடக்கே அரை மணி நேரம் அழைத்துப் போயிருந்தால், துறைமுகச் சுவர் ஒரு கரையை என்ன செய்யும் என்ற செயல்முறைப் பாடமே கிடைத்திருக்கும்.

இனி, காசு எல்லோருக்கும் போய்ச் சேரும் என்ற வாதம். விடுதி நிரம்பினால் மீன் விற்கும், மீன் விற்றால் மீனவர் வாழ்வார் என்கிறார் நண்பர். விடியற்காலையில் கரையில் ஏலம் நடப்பதை அவர் ஒரு நாளாவது வந்து பார்க்கட்டும். வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீன் போக வேண்டும் என்ற ஏற்பாட்டில் கட்டுண்டவருக்கு, நகரத்தின் பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் வஞ்சிரத் துண்டு என்ன விலைக்குப் போகிறது என்பது ஊர்க்கதை. விலை ஏறினால் ஏற்றம் நடுவிலேயே தங்கிவிடும். கூடை சுமந்து விற்கும் பெண்களுக்கு விடுதிச் சமையலறையின் பின்வாசல் திறப்பதில்லை. அங்கே மீன் ஐஸ் பெட்டியில் வண்டியில் வரும்.

சுற்றுலா எங்களிடம் வராமல் இல்லை. நிலத்தைத் தேடி வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மனைக்கு என்ன விலை என்று கேட்டாலே மூச்சு முட்டும். கடலைப் பார்த்த வார இறுதி வீடுகளும் ரிசார்ட் மதில்களும் எழ எழ, படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த புறம்போக்கு சுருங்குகிறது. கிழக்கே கடல் தின்கிறது, மேற்கே மதில் தின்கிறது. 2019இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடலோரத்தில் கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. மணற்பரப்பில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் இடம் கொடுத்தது. இந்தத் தளர்வில் கரைக்கு நெருங்கி வரப்போவது மீனவர் வீடா, பணம் படைத்தவர் கட்டடமா என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பருவக் கணக்கையும் நண்பர் யோசிக்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்களுக்குக் கடல் மூடிக் கிடக்கும் காலம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகு இறங்காது. ஒரு வாரம், பத்து நாள் வருமானம் இல்லாமல் கழியும். அந்த மாதங்களின் கடைசியில்தான் அவருடைய உச்ச சீசன் வருகிறது. மழை நின்றதும் அவருக்கு வசூல் தொடங்குகிறது. எங்களுக்கு அப்போதுதான் நட்டத்தைக் கணக்குப் பார்க்கவே நேரம் கிடைக்கிறது. ஃபெஞ்சலில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டி, கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் மக்களை மீட்க ராணுவம் வந்தது. முதலமைச்சர் ரங்கசாமி ரேஷன் அட்டை ஒன்றுக்கு 5000 ரூபாய் அறிவித்தார். இல்லாததற்கு அது உதவிதான். ஆனால் அதே டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஒயிட் டவுனின் பாரம்பரிய விடுதிகளில் ஒரு நல்ல அறைக்கு அந்த 5000 போதுமா என்று நண்பரே சொல்லட்டும். ஒரு குடும்பத்தின் புயல் நிவாரணம் ஒரு ராத்திரி வாடகைக்குக் காணாத ஊரில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மீட்சியா?

கொரோனாவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எல்லைகளை மூடியபோது தடுப்பு வைத்த இடங்களில் கனகசெட்டிக்குளமும் ஒன்று. மதுவுக்குத் தனி வரி போட்டு விலையைத் தமிழ்நாட்டுக்குச் சமமாக்கி, பிறகு 2021இல் அதை எடுத்தார்கள். கூட்டம் திரும்ப வந்ததற்கு நண்பர் பட்டியலிடும் காரணங்களில் பிரெஞ்சுக் கட்டடக்கலை உண்டு, ஆன்மிகம் உண்டு, அமைதி உண்டு. பாட்டில் விலை மட்டும் இல்லை. கூச்சம் போலும்.

உலக உதாரணங்கள் காட்டாமல் இத்தகைய கட்டுரைகள் முடிவதில்லை. நண்பர் இலங்கையைக் காட்டுகிறார். சுனாமி, போர், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா, 2022 பொருளாதார வீழ்ச்சி, இத்தனைக்குப் பிறகும் பயணிகள் திரும்பிவிட்டார்கள் என்கிறார். எண்கள் சரிதான். 2018இல் 23 லட்சத்துக்கு மேல் வந்தவர்கள் 2021இல் இரண்டு லட்சத்துக்கும் கீழே போய், 2024இல் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டினார்கள். அதே காலத்தில் இலங்கையில் வறுமை என்ன ஆயிற்று? உலக வங்கிக் கணக்கின்படி 2019இல் நூற்றில் பதினொன்று பேர் அளவில் இருந்த வறியவர்கள் இரு மடங்குக்கு மேல் பெருகி, நான்கில் ஒருவர் என்ற நிலைக்கு வந்தார்கள். விமான நிலையத்தில் கூட்டம் திரும்பியது. வீட்டில் சோறு திரும்பவில்லை. நண்பரின் உதாரணம் நண்பரையே அடிக்கிறது.

சுனாமிக்குப் பின் அங்கே நடந்ததையும் அவர் விட்டுவிட்டார். கடலிலிருந்து 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வரை யாரும் வீடு கட்டக் கூடாது என்று அரசு சொன்னது. பாதுகாப்புக்காக என்றார்கள். சுற்றுலா விடுதிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். மீனவர் வீட்டை அடிக்கும் அலை விடுதியை அடிக்காதா என்று அறுகம்பையில் மீனவர்கள் கேட்டார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகுதான் அந்த விதி தளர்ந்தது.

நான் ஒன்று காட்டுகிறேன். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். அதற்கும் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய பழைய பகுதி உண்டு, எங்கள் ஒயிட் டவுனைப் போல. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலில் நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியபோது, ஆற்றங்கரை மேட்டில் இருந்த அந்தப் பிரெஞ்சுப் பகுதி பெரும்பாலும் தப்பித்தது. ஆறே மாதத்தில் மார்டி கிரா திருவிழாவை நடத்திக் காட்டினார்கள். 2016இல் ஒரு கோடிக்கும் மேல் பயணிகள் வந்தார்கள். புயலுக்கு முந்தைய கணக்கையே தாண்டியாயிற்று. நண்பரின் அளவுகோலில் முழு மதிப்பெண். ஆனால் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 4.84 லட்சமாக இருந்த நகரத்தின் மக்கள்தொகை 2020இல் 3.84 லட்சம். ஒரு லட்சம் பேர் குறைவு. கறுப்பின மக்கள் வாழ்ந்த தாழ்வான பகுதிகள் பலவற்றுக்கு மக்கள் முழுதாகத் திரும்பவில்லை. ஊரார் திரும்பாத ஊருக்கு விருந்தாளி திரும்பிவிட்டார். இதையும் மீட்சி என்று அழைக்கத்தான் நண்பர் விரும்புகிறாரா?

கடைசியாக, பெயர் கெடுகிற விஷயம். பிள்ளைச்சாவடி மக்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்தார்கள். சுற்றுலா வண்டிகள் நின்றன. நண்பருக்குக் கோபம். வீடு கடலுக்குள் போனபோது வராத கோபம் வண்டி நின்றபோது வருகிறது. சாலையை மறிக்காமல் மனுக் கொடுத்தபோது என்ன நடந்தது என்பதை அவர் விசாரித்தாரா? எங்களைப் போன்ற ஊர்களுக்கு அரசின் காது கேட்பது அந்தச் சாலை வழியாகத்தான். ஏனென்றால் அரசு மதிக்கும் வருமானம் அந்தச் சாலையில்தான் போகிறது. இடிந்த வீட்டின் படத்தை மறைத்தால் பயணிக்கு அச்சம் வராது என்பது உண்மை. அதிகாரிக்கும் வெட்கம் வராது என்பதும் அதே அளவு உண்மை.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளில் அறை துடைப்பவர்கள், சமையலறையில் நிற்பவர்கள், வாடகை வண்டி ஓட்டுபவர்கள் உண்டு. கூட்டம் வராத மாதத்தில் அவர்கள் வீட்டில் அடுப்பு தணிகிறது. தந்திராயன்குப்பம் பக்கம் அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்துப் பிழைக்கும் இளைஞர்களுக்குக் கடற்கரை போனால் தொழிலும் போகும். அவர்களெல்லாம் நண்பருடைய தொழிலின் பக்கம்தான் நிற்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்: மணல் இல்லாத கரைக்கு எந்தப் பயணி வருவான்? மீனவருக்காக இல்லாவிட்டாலும், தன் தொழிலுக்காகவாவது நண்பர் துறைமுகச் சுவரைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாமே.

அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் வேலை, எந்த ஆட்சி வந்தாலும் ஆண்டு முழுவதும் நிற்காமல் நடக்க வேண்டும். நகரத்திலிருந்து கனகசெட்டிக்குளம் வரையிலான கரையைப் புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒரே கரையாக வைத்துத் திட்டமிட வேண்டும். ஓர் ஊரில் கல்லோ தூண்டில் வளைவோ போடும் முன் அதற்கு வடக்கே உள்ள ஊரின் மீனவர் பஞ்சாயத்தைக் கூப்பிட்டு, உங்கள் மணல் என்ன ஆகும் என்பதைத் தாளில் காட்ட வேண்டும். இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. பாதி 1980களின் திட்டத்திலேயே எழுதி வைத்ததுதான்.

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் சுற்றுலாத் தொழிலில் உள்ளவர்கள் அரசைப் பார்த்து விளம்பரத்துக்கும் விழாக்களுக்கும் பணம் கேட்கிறார்கள். அடுத்த முறை போகும்போது நண்பர் அந்த மனுவின் முதல் வரியில் மணலைக் கேட்கட்டும். விளம்பரத்தை இரண்டாவது வரியில் கேட்டுக்கொள்ளட்டும். நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்.